நான் யார் என்று கேட்கும் காதல் கதைகள்: மங்காவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. ஜப்பானில் வெளியாகும் காதல் மங்காக்களில் பெரும்பகுதி, யார் யாரோடு சேரப்போகிறார் என்ற கேள்வியைச் சுற்றியே நகர்பவை. அவற்றை வாசிக்க வழிகாட்டி எதுவும் தேவையில்லை. கையில் கிடைத்ததை எடுத்துப் புரட்டினாலே போதும். இக்கட்டுரை பேசவிருப்பது வேறொரு வகையைப் பற்றி. ஒருவர் மீது தோன்றும் ஈர்ப்பு, அல்லது தோன்றவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தும் தோன்றாமலே போகும் ஈர்ப்பு, அதுவரை தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையே குலைத்துவிட, அங்கிருந்து தன்னைத் தேடத் தொடங்கும் மனிதர்களின் கதைகள் அவை. இந்த வகைக்குள் நுழையும் பலர், இருப்பதிலேயே புகழ்பெற்ற நீண்ட தொடர் ஒன்றை எடுத்து, மூன்றாம் தொகுதியிலேயே களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். எதை முதலில் எடுப்பது, பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்ற இரண்டும் தெளிவானால் அந்தக் களைப்பு நேராது என்பதே என் எண்ணம்.

முதலில் பெயர்ப்பட்டைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

மங்காவைப் பற்றி எங்கு தேடினாலும் ஷோஜோ, ஜோசெய், ஷோனென், செய்னென் என்ற நான்கு சொற்கள் எதிர்ப்படும். இவை கதையின் வகையைச் சொல்பவை அல்ல. அக்கதை எந்த இதழில் தொடராக வந்தது, அந்த இதழ் எந்த வாசகரை மனத்தில் வைத்து நடத்தப்படுகிறது என்பதை மட்டுமே சொல்பவை. ஷோஜோ சிறுமியருக்கும் பதின்வயதுப் பெண்களுக்கும், ஜோசெய் வயதுவந்த பெண்களுக்கும், ஷோனென் சிறுவருக்கும், செய்னென் வயதுவந்த ஆண்களுக்கும் உரிய இதழ்களைக் குறிக்கும். இவற்றோடு, பெண்கள் இருவருக்கிடையேயான காதலைச் சொல்லும் கதைகளுக்கு யூரி என்றும், ஆண்கள் இருவருக்கிடையேயான காதலைச் சொல்லும் கதைகளுக்கு பிஎல் என்றும் பெயர் வழங்குகிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு நன்மை உண்டு. காதல் கதை என்றால் ஷோஜோ அலமாரியில்தான் இருக்கும் என்று தேடுபவர், நாம் பின்னால் பார்க்கப்போகும் சிறந்த நூல்களில் பாதியைத் தவறவிட்டுவிடுவார். 2017 முதல் 2020 வரை வெளியான, கைடோ வரைந்த ‘ப்ளூ ஃபிளாக்’ என்ற எட்டுத் தொகுதித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். தோழியொருத்தி தன் காதலுக்கு உதவி கேட்டு வர, அவள் விரும்பும் இளைஞனோ உதவ வந்தவனையே நேசிக்கிறான் என்று விரியும் அந்தக் கதை, சண்டையும் சாகசமும் நிறைந்த தொடர்களுக்குப் பேர்போன ஷோனென் ஜம்ப் குழுமத்தின் இணைய இதழில்தான் வந்தது.

வரலாற்றை விரிவாகப் படிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சில ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். ஒசாமு தெசுகா 1953இல் தொடங்கிய ‘ரிபோன் நோ கிஷி’, இளவரசனாக வேடமிட்டு வாழும் இளவரசியின் கதை. அக்காலத்தில் சிறுமியருக்கான மங்காவையும் பெரும்பாலும் ஆண்களே வரைந்தார்கள். 1970களில் இந்நிலை மாறியது. மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகெமியா, யுமிகோ ஒஷிமா, ரியோகோ இகேதா முதலிய இளம்பெண்கள் ஷோஜோ மங்காவின் போக்கையே திருப்பினார்கள். அவர்களில் பலர் ஜப்பானிய ஆண்டுக்கணக்கின்படி ஷோவா 24ஆம் ஆண்டை, அதாவது 1949ஐ, ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் ‘24ஆம் ஆண்டுக் குழு’ என்று அழைக்கப்படுகிறார்கள். 1972-73இல் ‘மார்கரெட்’ வார இதழில் இகேதா வரைந்த ‘தி ரோஸ் ஆஃப் வெர்சாய்’ தொடரில், பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தம் கடைசி மகளை மகனாகவே வளர்த்து அரண்மனைக் காவல்படைக்கு அனுப்புகிறார். ஆஸ்கர் என்ற அந்தப் பாத்திரம் யாரைக் காதலிப்பது என்று முடிவெடுப்பதும், தான் ஆணாக வாழ்வதா பெண்ணாக வாழ்வதா, அரசியின் பக்கமா மக்களின் பக்கமா என்று முடிவெடுப்பதும் தனித்தனியாகப் பிரிக்கமுடியாதபடி பின்னப்பட்டுள்ளன. இன்று நாம் வாசிக்கும் தன்னறிதல் சார்ந்த காதல் மங்காவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள்

ஆங்கில மொழிபெயர்ப்பில் வரும் மங்காக்கள் இன்று பெரும்பாலும் ஜப்பானிய அமைப்பிலேயே அச்சாகின்றன. நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதே அவற்றின் முன்னட்டை. கட்டங்களையும் கட்டத்துக்குள் இருக்கும் பேச்சுப் பலூன்களையும் வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் தொடரவேண்டும். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களின் கண் முதல் சில அத்தியாயங்களில் பழக்கதோஷத்தால் இடப்பக்கமே ஓடும். பதில் முன்னாலும் கேள்வி பின்னாலும் வருவதுபோல் தோன்றினால் வரிசை தவறிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். இது சீக்கிரமே பழகிவிடும்.

பழகக் கொஞ்சம் காலம் எடுப்பது வேறொன்று. காதல் மங்காவில், சிறப்பாக ஷோஜோ மரபில் வந்தவற்றில், பலூனுக்குள் இருக்கும் வசனத்தைவிடப் பலூனுக்கு வெளியே, பக்கத்தின் வெற்றிடத்தில் மிதக்கும் வரிகள் முக்கியமானவை. அவை பாத்திரத்தின் மனமொழி. வாய் ஒன்றைச் சொல்ல, அதே கட்டத்தில் மனம் வேறொன்றைச் சொல்லும். வசனத்தை மட்டும் ஓட்டமாகப் படித்துக்கொண்டு போகிறவருக்குக் கதையின் பாதிதான் கிடைக்கும். கட்டங்களின் ஓரக்கோடுகள் அழிந்துபோவது, பின்னணி திடீரென வெறும் வெள்ளையாவது, முகத்தைக் காட்டாமல் கையையோ காலணியையோ மட்டும் காட்டுவது ஆகிய எல்லாமே மனநிலையைச் சொல்லும் உத்திகள்.

கென்கோரோ தாகமே 2014 முதல் 2017 வரை வரைந்த ‘மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மகளைத் தனியாக வளர்க்கும் யாயிச்சி என்பவரின் வீட்டுக்கு, இறந்துபோன இரட்டைச் சகோதரனின் கணவரான மைக் என்ற கனடா நாட்டவர் வந்து நிற்கிறார். யாயிச்சி மரியாதை தெரிந்த மனிதர். ஆனால் வந்தவர் கட்டியணைக்கும்போது அவரைப் பிடித்துத் தள்ளிக் கத்துவதாக ஒரு கட்டம் வருகிறது. அடுத்த கட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதும், முன்னதில் நாம் பார்த்தது அவருடைய மனத்தில் ஓடியது மட்டுமே என்பதும் புரிகிறது. செய்ய நினைத்ததையும் செய்ததையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் இந்த முறையால், தன்னை நல்லவன் என்று நம்பும் ஒருவரின் உள்ளே மண்டிக்கிடக்கும் வெறுப்பு, ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் வெளிப்பட்டுவிடுகிறது. எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் மைக்கிடம் கேள்விகள் கேட்கும் மகள் கனாவோ, தந்தை நான்கு தொகுதிகளில் சென்றடையும் இடத்தில் முதல் நாளே இருக்கிறாள். இந்நூலின் ஆங்கிலப் பதிப்பு 2018இல், சித்திரக்கதைகளுக்கான அமெரிக்க விருதான ஐஸ்னர் விருதைப் பெற்றது.

ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள். ஜப்பானியர்கள் பொதுவாகக் குடும்பப் பெயரோடு மரியாதை விகுதி சேர்த்தே அழைப்பார்கள். இயற்பெயரைச் சொல்லி அழைப்பது நெருக்கத்தின் அடையாளம். யார், எந்தக் கட்டத்தில், எந்தப் பெயருக்கு மாறினார் என்பது பல கதைகளில் முத்தக்காட்சியைவிடப் பெரிய நிகழ்ச்சி. ‘சான்’, ‘குன்’, ‘சென்பாய்’ போன்ற மரியாதைச் சொற்களை அப்படியே விட்டுவைக்கும் மொழிபெயர்ப்புகள் கிடைத்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

முதல் நூல்: முடிந்ததாக, அளவானதாக இருக்கட்டும்

தன்னறிதல் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பயணம். ஆகவே முதல் நூலை முழுமையாக வாசித்து முடிக்கவேண்டியது அவசியம். பத்துத் தொகுதிகளுக்கு உட்பட்ட, நிறைவுபெற்ற தொடரையே எடுங்கள். என்னைக் கேட்டால், நியோ நகாதானியின் ‘ப்ளூம் இன்டு யூ’ தொடரில் தொடங்கச் சொல்வேன். 2015 முதல் 2019 வரை ‘டெங்கெக்கி தாயோ’ இதழில் வந்து, எட்டுத் தொகுதிகளில் முடிந்தது.

இதன் நாயகி யூ, காதல் பாடல்களையும் ஷோஜோ மங்காக்களையும் விரும்பிப் படித்தவள். காதல் வந்தால் நெஞ்சு எப்படிப் படபடக்கும் என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நடுநிலைப்பள்ளி முடியும் நாளில் ஒரு பையன் தன் விருப்பத்தைச் சொன்னபோது, அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. உயர்நிலைப்பள்ளியில் மாணவர் மன்றத்தைச் சேர்ந்த தோகோ என்ற மூத்த மாணவி, தன்னிடம் விருப்பம் சொன்னவரை மறுப்பதைத் தற்செயலாகப் பார்க்கும் யூ, தன்னைப்போலவே இன்னொருத்தி இருக்கிறாள் என்று எண்ணி அவளிடம் ஆலோசனை கேட்கிறாள். அந்தப் பையனிடம் தொலைபேசியில் மறுப்பைச் சொல்லும்போது யூவின் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் தோகோ, அழைப்பு முடிந்த பின்னும் கையை விடவில்லை. உன்னைக் காதலித்துவிடுவேன் போலிருக்கிறது என்கிறாள். யூவுக்கு வரும் முதல் உணர்வு மகிழ்ச்சியும் அல்ல, அதிர்ச்சி மட்டுமும் அல்ல. தன்னைப்போல் ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பியிருந்தவள் மீண்டும் தனியளாகிவிட்ட ஏமாற்றம். வழக்கமான காதல் கதை முடியும் இடத்தில் இக்கதை தொடங்குகிறது.

வாசிக்கும்போது மூன்று இழைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவது, தோகோ விதிக்கும் விந்தையான நிபந்தனை: நீ என்னைத் திருப்பிக் காதலிக்கவேண்டியதில்லை, காதலிக்காமலே என் அருகில் இரு என்கிறாள். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பதற்கான விடை, இறந்துபோன அக்காவின் நடையுடை பாவனைகளை அப்படியே எடுத்துக்கொண்டு வாழ்பவள் அவள் என்பதில் இருக்கிறது. தன் உண்மையான இயல்பை அவளே வெறுக்கிறாள். தான் வெறுக்கும் ஒன்றை மற்றவர் நேசிப்பதை அவளால் தாங்கமுடியாது. இரண்டாவது, மாணவர் மன்றத்தினர் அரங்கேற்றும் நாடகம். நினைவை இழந்த பெண்ணொருத்தியிடம் வெவ்வேறு மனிதர்கள் வந்து, நீ இப்படிப்பட்டவள் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத சித்திரங்களைத் தருகிறார்கள். அவற்றில் எதை அவள் தன் உண்மையான சுயமாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதே நாடகத்தின் முடிவு. அந்த முடிவை மாற்றி எழுதவேண்டும் என்று யூ போராடுவது ஏன் என்று யோசித்தால், ஒரு பள்ளி நாடக ஒத்திகைக்குள் முழுக் காதல் கதையும் நடந்துகொண்டிருப்பது தெரியும். மூன்றாவது, மாகி என்ற மாணவன். மற்றவர்களின் காதலைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து ரசிப்பதே தனக்குப் போதும், தான் மேடையேற விருப்பமில்லை என்பவன். கதாசிரியர் அவனைத் திருத்தவேண்டிய நோயாளியாகக் காட்டவில்லை. யூவுக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டுகிறார்.

இக்கதையை யூரி என்று வகைப்படுத்துவதால், அது தம்மைப் பற்றியதல்ல என்று ஒதுக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காதல் வரவேண்டிய வயதில் வரவில்லையே என்று தன்னையே சந்தேகித்த எவருக்கும் இதில் இடம் இருக்கிறது.

இரண்டாம் நூல்: இருவரைத் தாண்டி ஓர் ஊருக்கு

அடுத்து யூகி கமதானியின் ‘அவர் ட்ரீம்ஸ் அட் டஸ்க்’. 2015 முதல் 2018 வரை வெளியான நான்கு தொகுதிகள். இதில் காதலைவிடத் தன்னை ஏற்றுக்கொள்ளும் போராட்டமே முன்னால் நிற்கிறது என்பதால் இரண்டாவதாக வைக்கிறேன். கதை நடப்பது ஹிரோஷிமா மாநிலத்தில், செட்டோ உள்நாட்டுக் கடலைப் பார்த்தபடி குன்றின் சரிவில் அமைந்த ஒனொமிச்சி என்ற ஊரில். தாஸுகு என்ற மாணவனின் கைப்பேசியில் இருந்த, ஆண்களுக்கிடையேயான பாலுறவுக் காணொளியை வகுப்புத் தோழர்கள் பார்த்துவிடுகிறார்கள். தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பது ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உயிரை விடத் துணிந்து நிற்கும் வேளையில், யாரோ ஒருவர் உயரத்திலிருந்து குதிப்பதைப் பார்க்கிறான். அவரைத் தேடிப் போய்ச் சேரும் பொது இல்லம் ஒன்றில், பழைய ஆளில்லா வீடுகளைப் பழுதுபார்க்கும் குழுவோடு சேர்கிறான். தற்கொலை எண்ணத்தோடு தொடங்கும் கதை என்பதை முன்கூட்டியே அறிந்து, மனம் தயாராக இருக்கும்போது எடுப்பது நல்லது.

அங்கே தன் இணையோடு வாழும் பெண், திருநம்பி ஒருவர், தம் துணைவரை மருத்துவமனையில் பார்த்துவரும் முதியவர், தன்னை ஆண் என்றோ பெண் என்றோ இன்னும் முடிவுசெய்யாத மிசோரா என்று பலர் வந்துபோகிறார்கள். நான் நின்று வாசிக்கச் சொல்வது மிசோரா வரும் பகுதியை. திருவிழாவுக்கு யுகாதா என்ற கோடைக்கால ஜப்பானிய உடையை உடுத்திக்கொண்டு வெளியே வருமாறு தாஸுகு நல்லெண்ணத்தோடு தூண்டுகிறான். அது கெடுதலில் முடிகிறது. அதன்பின் அவன் சொல்லும் ஆறுதலும் காயத்தையே ஆழமாக்குகிறது. ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே இன்னொருவரின் வலி ஒருவனுக்குப் புரிந்துவிடாது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன காதல் மங்கா வேறு எனக்கு நினைவில் இல்லை.

பிறகு நீண்ட தொடருக்குச் செல்லலாம்

இரண்டு சிறிய தொடர்களை முடித்தவருக்குக் கருஹோ ஷீனாவின் ‘கிமி நி தோதொகே’ ஏற்றது. 30 தொகுதிகள், 2017இல் நிறைவுபெற்றது. பேய்ப்படப் பாத்திரத்தின் பெயரால் கேலி செய்யப்பட்டு, எல்லோரும் அஞ்சி விலகும் சவாகோ என்ற மாணவியிடம் கஸெஹாயா என்ற வகுப்புத் தோழன் இயல்பாகப் பேசுவதில் தொடங்குகிறது. இருவரும் மனம்விட்டுப் பேசுவதற்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடந்துவிடும் என்பதால் பலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் தொடக்கத் தொகுதிகளின் உண்மையான கதை காதல் அல்ல. அயானே, சிசுரு என்ற இருவரைத் தோழிகள் என்று அழைக்கத் தனக்கு உரிமை உண்டா என்று சவாகோ தனக்குள் நடத்தும் விசாரணை. அதைப் பிடித்துக்கொண்டால் நீளம் உறுத்தாது. காதலர்களான பின்னும் நெடுங்காலம் ஒருவரையொருவர் குடும்பப் பெயரிலேயே அழைத்துக்கொள்வதையும், அதை மாற்ற அவர்கள் படும் பாட்டையும் பார்க்கும்போது முன்பு சொன்ன பெயர்க் குறிப்பு பயன்படும்.

பெரிய தொடர்களைத் தொடும் முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, கதை முடிந்ததா என்பது. ஆய் யாஸாவாவின் ‘நானா’ பெண்கள் இருவரின் நட்பையும் காதல்களையும் சொல்வதில் ஈடற்றது. ஆனால் 21 தொகுதிகளோடு 2009 முதல் நின்றுபோயிருக்கிறது. மற்றொன்று, ஆங்கிலத்தில் முழுவதும் வந்ததா என்பது. பால் அடையாளத்தைத் தேடும் இரு சிறார்களைப் பற்றிய தகாகோ ஷிமுராவின் ‘வாண்டரிங் சன்’ ஜப்பானிய மொழியில் 15 தொகுதிகள் கொண்டது. ஆங்கில அச்சுப் பதிப்போ எட்டாம் தொகுதியோடு நின்றுவிட்டது. நல்ல நூல் என்று கேள்விப்பட்டுத் தொடங்கிப் பாதியில் தவிப்பதைவிட, இதை முன்பே பார்த்துக்கொள்வது மேல்.

வயது, காலம், வாங்கும் வழி

பின்னட்டையில் பதிப்பகங்கள் அச்சிடும் வயதுக்குறியை அலட்சியம் செய்யாதீர்கள். மென்மையான அட்டைப்படம் உள்ளடக்கத்துக்குச் சான்றல்ல. கபி நகாதா தம் வாழ்க்கையையே வரைந்த ‘மை லெஸ்பியன் எக்ஸ்பீரியன்ஸ் வித் லோன்லினெஸ்’, ஒரே தொகுதியில் முடியும் அருமையான நூல். ஆனால் மனச்சோர்வு, உணவுக் கோளாறு, பாலுறவு ஆகியவற்றை வெளிப்படையாகப் பேசுவது, வயதுவந்தோருக்கானது. பதின்வயதுப் பிள்ளைக்கு வாங்கித்தரும் பெற்றோரும் ஆசிரியரும் தாமே ஒரு தொகுதியை வாசித்துவிட்டுத் தருவதே சிறந்த வழி.

பழைய தொடர்களை வாசிக்கும்போது, விருப்பமில்லாதவரை வற்புறுத்துவது காதலின் வேகமாகச் சித்திரிக்கப்படுவதைக் காண்பீர்கள். அக்காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை, பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். பிஎல் கதைகளில் ஒரு பகுதி, தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களின் வாழ்க்கையைச் சொல்வதைவிடப் பெண் வாசகர்களின் கற்பனைக்காக எழுதப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; அதை வாழ்க்கைச் சித்திரமாக எடுத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும்.

வாங்குவதைப் பொறுத்தவரை, இணையத்தில் உரிமம் இல்லாமல் பரவும் ஸ்கேன் செய்த பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். வரைந்தவருக்கு ஒரு காசும் போகாது என்பது ஒரு காரணம். மொழிபெயர்ப்பாளர் நடுவில் மாறிவிட, ஒரே பாத்திரத்தின் பேச்சு அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறிவிடும் என்பது மற்றொன்று. மனமொழியை நம்பியிருக்கும் கதைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. ஷுஎய்ஷா பதிப்பகம் 2019இல் தொடங்கிய மங்கா பிளஸ் செயலியில், பல தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்களையும் அண்மைய மூன்று அத்தியாயங்களையும் கட்டணமின்றி வாசிக்கலாம். ஓவியரின் கோடு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க அதுவே போதுமானது. அச்சு நூல் என்றால் முதல் தொகுதியை மட்டும் வாங்குங்கள். எல்லாத் தொகுதிகளையும் ஒருசேர வாங்கும் ஆசை வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று தொகுதிகளை ஒரே கட்டாகத் தரும் பதிப்பு இருக்கிறதா என்று விசாரித்தால் செலவும் குறையும். ‘மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்’ நூலின் நான்கு தொகுதிகளும் ஆங்கிலத்தில் இரண்டு புத்தகங்களாகக் கிடைக்கின்றன.